ஐந்தாவது தோட்டா

"நாலு ஒண்ணாப் போகுது அம்மிணி. அஞ்சாவது மட்டும் தனியாப் போகுது. அதை என்ன பண்றது?"

மாயக்கா தலையைத் தூக்கவில்லை. பித்தளைத் தோட்டாக் கூடு ஒன்றின் வாயைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்கும் சோறு போடுங்க."

"என்னது?"

"நாலு பிள்ளை சொன்ன பேச்சு கேக்குது. ஒண்ணு கேக்கல. அதை மட்டும் பட்டினி போட முடியுமுங்களா? அதுவும் நீங்க பெத்ததுதானே."

நஞ்சப்பன் சிரிக்கவில்லை. குறிபார்த்துச் சுட்ட காகிதத்தை அவள் முன்னால் வைத்தார். நான்கு ஓட்டைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு பூவைப் போல இருந்தன. ஐந்தாவது, பந்தியில் கோபித்துக்கொண்டு எழுந்தவனைப் போல, தள்ளி நின்றது.

மாயக்கா கட்டை விரலை அந்த நான்கின் மேல் வைத்து மறைத்தாள். மிச்சமிருந்த ஒற்றை ஓட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ம்," என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

*

கூதல்மலையில் ஒரு காலத்தில் எல்லோரும் ஈயக்குண்டுதான் சுட்டார்கள். வேட்டை முடிந்ததும் குடலைப் பாறைமேல் போட்டுவிட்டு வருவார்கள். பாறுக் கழுகுகள் இறங்கித் தின்னும். அது காட்டுக்குக் கொடுக்கும் பங்கு.

ஈயம் உடம்புக்குள் போனதும் பொடிப்பொடியாக உடைகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. அந்தப் பொடி கழுகின் வயிற்றுக்குள் போகிறது என்பதும் தெரியாது. ஒரு வருடம் வானத்தில் கழுகே இல்லை. பாறைகளின் அடியில் இறகுகள் மட்டும் கிடந்தன.

ஊர் கூடியது. இனிமேல் செம்புக்குண்டு மட்டும் என்று முடிவானது. செம்பு உடையாது. இதழ் இதழாக விரியும், முழுசாகவே இருக்கும்.

ஆனால் செம்பின் குணம் வேறு. எடை குறைவு, நீளம் அதிகம். ஈயத்துக்கு அளந்த வெடிமருந்து இதற்கு ஒத்துவராது. வேகமாகப் போய்ப் பட்டால்தான் விரியும். வேகம் குறைந்தால் ஊசி மாதிரி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே போய்விடும். விலங்கு ஓடிப்போய் எங்கோ புதருக்குள் மூன்று நாள் கிடந்து சாகும்.

அதனால் அவரவர் துப்பாக்கிக்கு அவரவரே தோட்டா செய்ய வேண்டும். செய்யக் கற்றுக்கொடுப்பவரை ஆசான் என்பார்கள். வயதை யாரும் கேட்பதில்லை. ஆசான் வாயால் "போயிட்டு வாங்க" என்று சொல்லாமல் எவரும் துப்பாக்கியோடு மலையேறக் கூடாது.

நஞ்சப்பனுக்கு ஐம்பத்தாறு வயது. முப்பது வருடம் ஈயம் சுட்டவர். அவருடைய ஆசான் மாயக்காவுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும்.

அவள் இன்னும் சொல்லவில்லை.

*

ஐப்பசியில் அந்த ஒற்றைக் காட்டுமாடு மந்தையை விட்டுக் கீழே இறங்கியிருந்தது. ஊர் அதற்கு ஒத்தையன் என்று பேர் வைத்தது. வாய்க்கால் மடையைத் திறக்கப் போன சென்னியப்பனை அது வரப்போடு சேர்த்து முட்டிக் கொன்றது. சென்னியப்பன் நஞ்சப்பனின் தங்கை புருஷன்.

அன்றிலிருந்து மேல்காட்டு வயலுக்கு யாரும் போவதில்லை. ராகி முற்றிக் கருகிக்கொண்டிருந்தது.

"வெளியூர்க்காரங்களக் கூப்புடலாம்," என்றார்கள் கூட்டத்தில். "நாயோட வருவாங்க. ரெண்டே நாள் வேலை."

"வந்தா ஈயத்தோடதான் வருவாங்க," என்றார் ஒருவர்.

நஞ்சப்பன் எழுந்தார். "செத்தது என்ற மாப்பிள்ளை. நான் போறேன்."

கார்த்திகை அமாவாசை வரை அவருக்குத் தவணை கொடுத்தார்கள். அதற்குள் முடியாவிட்டால் வெளியூர்க்காரர்கள் வருவார்கள்.

*

மாயக்காவின் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. தோட்டா செய்யும்போது பேசக் கூடாது.

கூடுகளை மரக்கட்டையின் குழிகளில் வரிசையாக நிறுத்த வேண்டும். ஒவ்வொன்றிலும் தராசில் எடைபோட்ட மருந்தைக் கொட்ட வேண்டும். எல்லாவற்றையும் வெளிச்சத்தில் சாய்த்து உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். பிறகுதான் குண்டைக் கூட்டின் வாயில் வைத்து, அழுத்தும் கருவியின் பிடியை இறக்க வேண்டும்.

நடுவில் ஒரு நாள் நஞ்சப்பன் பொறுக்க முடியாமல் வாயைத் திறந்தார்.

"ஒருவேளை மருந்துல ஒரு சிட்டிகை கூட்டினா…"

மாயக்கா எழுந்தாள். கூடுகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். அத்தனை மருந்தையும் டப்பாவில் திருப்பிக் கொட்டினாள். காலிக் கட்டையை அவர் முன்னால் தள்ளினாள்.

"எந்தக் கூட்டுல போட்டீங்க, எதுல போடலைன்னு இப்ப உங்களுக்கு உறுதியாத் தெரியுமுங்களா?"

தெரியும் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். சொல்லாமல் முதல் கூட்டை எடுத்து நிறுத்தினார்.

அதற்குப் பிறகு அவர் எதையெல்லாமோ மாற்றிப் பார்த்தார். மருந்தை அவள் வகுத்துக் கொடுத்த எல்லைக்குள் ஒரு துளி கூட்டினார், ஒரு துளி குறைத்தார். குண்டைக் கொஞ்சம் உள்ளே இறக்கினார், கொஞ்சம் வெளியே விட்டார். குண்டுகளைத் தனித்தனியே நிறுத்து ஒரே எடை உள்ளவற்றை மட்டும் பொறுக்கினார். காகிதம் காகிதமாகச் சுட்டார். ஒரு நாள் சாயங்காலம் ஓடாத குறையாக வந்தார்.

"பாருங்க அம்மிணி! அஞ்சும் ஒண்ணு!"

ஐந்தும் ஒரு கட்டை விரலுக்குள் அடங்கியிருந்தன.

"நல்லாருக்கு," என்றாள் மாயக்கா. "இன்னைக்கு எத்தனை காகிதம் சுட்டீங்க?"

"அது ஒரு ஆறு இருக்கும்."

"மிச்சம் அஞ்சும் எங்கங்க?"

"கிழிச்சுப் போட்டேன்."

"ஏன்?"

"அப்பவெல்லாம் காத்து அடிச்சுது."

மாயக்கா வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"உங்கூட்டுப் பக்கம் காத்து ரொம்ப நல்ல காத்துங்ணா. நல்ல காகிதமாப் பாத்து அடிக்காம விட்டுட்டுப் போகுது."

*

தங்கை மயிலாத்தாள் வந்தபோது நஞ்சப்பன் வாசலில் தோட்டாக்களைத் துடைத்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். பித்தளை வெயிலில் தங்கம் மாதிரி இருந்தது.

அவள் நின்றபடியே பார்த்தாள்.

"அழகா இருக்குங்ணா."

"உக்காரு மயிலு."

"உக்காரலைங்க. மேல்காட்டுல ராகி கொட்டிட்டிருக்கு. அவரு மடையைத் தொறக்கப் போன அன்னைக்கு எப்புடியிருந்துதோ அப்புடியே அவரு மம்முட்டி இன்னும் அங்கதான் கெடக்குது. எடுக்கப் போக ஆளில்லை."

அவர் கையிலிருந்த தோட்டாவைத் துடைத்து வரிசையில் வைத்தார்.

"காகிதத்தை இன்னும் எத்தனை தடவைங்ணா கொல்லுவீங்க?"

கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள். கோபமாகக் கூடக் கேட்கவில்லை. அதுதான் அவருக்கு உறைத்தது.

*

"எனக்கு உத்தரவு குடுங்க," என்றார் பட்டறைக்குள் நுழைந்ததும். "நாள் போகுது. ஊரு சிரிக்குது. என்ற தங்கச்சியே கேட்டுட்டுப் போறா."

"அஞ்சாவது?"

"அதையும் சரி பண்ணிட்டேன். பண்ணிட்ட மாதிரிதான்."

மாயக்கா கையை நீட்டினாள். "அஞ்சு தோட்டா குடுங்க."

கொடுத்தார். அவள் அவற்றை மேசைமேல் நிற்க வைத்தாள்.

"இதுல எது விலகும்? அதை மட்டும் எடுத்துக் குடுத்துருங்க. மத்த நாலையும் எடுத்துட்டு இப்பவே கிளம்பலாம்."

நஞ்சப்பன் குனிந்து பார்த்தார். ஒன்றைக் காதோரம் ஆட்டிப் பார்த்தார். ஐந்தையும் தராசில் வைத்தார். நகத்தால் வாய்களைத் தடவினார். வெயில் ஒரு சன்னலிலிருந்து அடுத்த சன்னலுக்குப் போயிருந்தது. கடைசியில் ஒன்றின் கழுத்தில் மயிரிழை போல ஒரு கீறலைக் கண்டுபிடித்தார்.

"இது."

"நிச்சயமா?"

"இதேதான்."

அவள் அதைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டாள். "மத்த நாலையும் சுடுங்க."

சுட்டார். மூன்று ஒன்றாகப் போயின. ஒன்று விலகிப் போனது.

மாயக்கா கீறல் விழுந்த தோட்டாவை அவர் உள்ளங்கையில் வைத்தாள். அதையும் சுட்டார். அது நேராகப் போய் அந்த மூன்றோடு சேர்ந்துகொண்டது.

நஞ்சப்பன் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"எதுன்னு எனக்குத் தெரியாது," என்றார்.

"எனக்கும் தெரியாதுங்க."

"அப்ப ஒவ்வொண்ணும் அதுதான்னு நினைக்கணும்."

மாயக்கா அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து வந்தாள். காகிதத்தில் நல்ல ஓட்டைகளைச் சுற்றி வட்டம் போடவில்லை. விலகியதையும் உள்ளே சேர்த்து, எல்லாவற்றையும் சுற்றிப் பெரிதாக ஒரு வட்டம் போட்டாள்.

"இதுதான் உங்க துப்பாக்கிங்ணா."

வட்டம் இரண்டு கையகலம் இருந்தது. ஒரு காட்டுமாட்டின் இதயம், நெஞ்சுக்குலை, அதைவிடச் சிறியது. அவருக்கு அது நன்றாகத் தெரியும்.

*

மறுநாள் அவள் சுவரிலிருந்து புதுக் காகிதம் ஒன்றை எடுத்துத் தொலைவில் கட்டினாள். அதில் தேங்காய் அளவுக்கு ஒரு வட்டம் போட்டிருந்தாள்.

"இங்கிருந்து சுடுங்க."

ஒன்று வெளியே போனது.

"கொஞ்சம் முன்னாடி போங்க."

ஒன்று வெளியே போனது.

"இன்னும்."

இப்படியே அவர் முன்னால் நடந்தார். பாறையைத் தாண்டினார். கொய்யா மரத்தைத் தாண்டினார். ஒரு இடத்தில், எத்தனை தடவை சுட்டாலும், விலகும் குண்டு கூட வட்டத்துக்குள்ளேயே விழுந்தது.

மாயக்கா அவர் கால் பக்கத்தில் ஒரு கல்லை நட்டாள்.

"இதுதான் உங்க இடம்."

நஞ்சப்பன் கல்லைப் பார்த்தார். காகிதத்தைப் பார்த்தார். அங்கிருந்து கரிக்கோட்டின் பிசிறு கூடத் தெரிந்தது.

"இவ்வளவு கிட்டயா?"

"ஆமாங்க."

"அம்மிணி, அது ஒத்தை. ஆளைக் கொன்னது."

"தெரியுமுங்க."

"அந்த அஞ்சாவதை மட்டும் சரி பண்ணிட்டா, நான் எதிர்மேட்டுல இருந்தே அடிச்சுருவேன். இவ்வளவு கிட்டப் போனா அது திரும்பி…"

அவர் நிறுத்தினார்.

தராசில் ஒரு துளி மருந்தைச் சிந்தாமல் போடும் கை, துப்பாக்கியின் மேல் நடுங்கிக்கொண்டிருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். மாயக்கா முதலில் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

அவர் துப்பாக்கியை இறக்கிவிட்டுச் சொன்னார்: "மாப்பிள்ளையைத் தூக்கிட்டு வந்தது நான்தான்."

"ம்."

"அந்த நெஞ்சைப் பாத்தவன் நான்."

"தோட்டா போதுங்ணா," என்றாள் மாயக்கா. குரல் தணிந்திருந்தது. "நாளையிலிருந்து நடந்து பழகலாம்."

*

மாயக்காவிடம் ஒன்பது ஆடுகள் இருந்தன. அவற்றைச் சரிவில் மேயவிட்டாள்.

"ஒரு ஆடு கூட நிமிந்து பாக்காம, கல்லு தூரத்துக்கு வந்துருங்க. நிமிந்துட்டா திரும்பிப் போய் முதல்லருந்து."

முதல் நாள் ஆடுகள் அவர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே நிமிர்ந்தன. ஒரு கிடாய் நின்ற இடத்திலிருந்தே அவரைப் பார்த்துக் கத்தியது.

"உங்களக் கேலி பண்ணுதுங்க," என்றாள் மாயக்கா வேலிமேல் உட்கார்ந்தபடி.

"உங்ககிட்ட வளந்தது வேற எப்புடி இருக்கும்?"

அவர் காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கத் தொடங்கினார். ஆடு மெல்லும்போது நடந்தார், மெல்லுவதை நிறுத்தினால் நின்றார். முழங்காலில் தோல் உரிந்தது. ஈயம் சுட்ட முப்பது வருடத்தில் இவ்வளவு மெதுவாக அவர் நடந்ததே இல்லை.

அமாவாசைக்கு முன்தினம் காலையில் அவர் கல் தூரத்தைத் தாண்டியும் போய்விட்டார். கிடாய் அவர் கைக்கெட்டும் இடத்தில் மேய்ந்துகொண்டிருந்தது. அதன் கொம்பைத் தொட்டார். அது துள்ளி விழுந்து ஓடியது.

அவர் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடுக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் அது இப்போது அவர் சொன்னதைக் கேட்டது.

மாயக்கா வேலியிலிருந்து இறங்கினாள்.

"போயிட்டு வாங்க," என்றாள்.

*

எந்தத் தோட்டா என்று அவர் தேர்ந்தெடுக்கவில்லை. கைக்கு வந்ததை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

ஒத்தையன் மேல்காட்டில், ராகிக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தது. விடிந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது. காற்று அவர் முகத்தில் அடித்தது.

எதிர்மேட்டிலிருந்து அதன் முழு உடம்பும் தெரிந்தது. அங்கே படுத்தபடியே சுடலாம். பத்துப் பேரில் எட்டுப் பேர் சுட்டிருப்பார்கள். அவர் மேட்டை விட்டு இறங்கினார்.

வாய்க்கால் வரை ஊர்ந்தார். மடையருகே சென்னியப்பனின் மண்வெட்டி துருப்பிடித்துக் கிடந்தது. அதைக் கடந்தார்.

மாடு தலையைத் தூக்கியது.

அவர் அசையவில்லை. கல் தூரத்துக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. விரல் தானாகவே விசையைத் தேடிப் போனது. அதைத் திருப்பி இழுத்துக்கொண்டார்.

மாடு மறுபடி மெல்லத் தொடங்கியது. அவர் முன்னால் நகர்ந்தார்.

இப்போது அதன் மூச்சுக் கேட்டது. கண்ணோரம் ஈக்கள் உட்கார்ந்திருந்தன. இமை மயிரில் பனித்துளி இருந்தது. கிழட்டு மாடு. ஒரு காது பாதி அறுந்திருந்தது. முன்கால் ஒன்றில் பழைய புண் சீழ் வைத்திருந்தது. எந்தக் காலத்திலோ, எந்தத் தூரத்திலிருந்தோ, யாரோ சுட்டுவிட்டுப் போன புண்.

நஞ்சப்பன் சுட்டார்.

அது இரண்டு தாவு தாவி, வரப்பின்மேல் மண்டியிட்டுச் சாய்ந்தது. கால் உதறவில்லை.

அவர் அங்கேயே, ராகிக்குள், வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். தங்கைக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். எழுந்தபோது மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டார்.

*

ஊர் இறைச்சியைப் பங்கு போட்டது. குடலைப் பாறையில் வைத்தார்கள். மத்தியானத்துக்குள் பாறுகள் இறங்கின. சாயங்காலம் மயிலாத்தாள் ராகி அறுக்கப் பெண்களைக் கூட்டிக்கொண்டு மேலே போனாள்.

நஞ்சப்பன் பட்டறைக்கு வந்தார். மறுபக்கத் தோலடியில் கிடைத்த குண்டை மேசைமேல் வைத்தார். செம்பு நான்கு இதழாக விரிந்திருந்தது. ஒரு இதழ் கூட உடைந்திருக்கவில்லை.

"குறி வெச்ச இடத்துல படல," என்றார். "ஒரு விரல் தள்ளித்தான் பட்டுருக்கு."

"பட்டது குலையிலதானே?"

"குலையிலதான்."

"ம்."

அவர் அந்தக் குண்டை விரலால் உருட்டினார். பிறகு கூச்சத்தோடு கேட்டார். "இனிமே அவசரமில்லை. அந்த அஞ்சாவது ஏன் விலகுதுன்னு மட்டும் எனக்குத் தெரிஞ்சாகணும்."

மாயக்கா அவர் துப்பாக்கியை வாங்கினாள்.

"குழலை உள்ள எப்பத் தேய்ச்சீங்க?"

"தேய்க்கறதா? எண்ணெய்த் துணி விடறதோட சரி. பழகின குழலைப் போட்டுத் தேய்ப்பாங்களா? பழகின தோசைக்கல்லைத் தேய்க்கற மாதிரி ஆயிரும். எங்கப்பன் காலத்துல இருந்து யாரும் தேய்ச்சதில்லை."

அவள் ஒரு சீசாவிலிருந்து அழுக்குக் கரைக்கும் திரவத்தைக் குழலுக்குள் ஊற்றி அடைத்து வைத்தாள். பட்டறை முழுவதும் மூக்கைத் துளைக்கும் வாடை அடித்தது. ஆடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டுத் திரும்பி வந்து, கம்பியில் துணியைச் சுற்றி உள்ளே விட்டு இழுத்தாள்.

துணி கருப்பாக வந்தது. அடுத்த துணியும் கருப்பு. அதற்கடுத்ததில் சாம்பல் நிறத்தில் செதில் செதிலாக என்னவோ ஒட்டிக்கொண்டு வந்தது.

நஞ்சப்பன் ஒரு செதிலை விரலில் எடுத்து நசுக்கினார். மெத்தென்று நசுங்கியது.

ஈயம்.

"முப்பது வருசமா உள்ள பூசியிருக்குது," என்றாள் மாயக்கா. "செம்பு அதுமேல வழுக்கித்தான் போகும். நாலு குண்டு நேரா வந்தா, ஒண்ணு விலகிப் போயிரும்."

வெளுத்த துணி வரும்வரை இழுத்தாள். வெளியே கூட்டிப் போய்த் துப்பாக்கியை அவரிடம் கொடுத்தாள். அவர் பழைய இடத்தில், தொலைவிலேயே நின்று ஐந்து தோட்டா சுட்டார்.

ஐந்தும் ஒரே ஓட்டை.

அவர் காகிதத்தை எடுத்து வந்தார். கை அதை இறுகப் பிடித்திருந்தது.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"முதல் காகிதத்தைக் கொண்டாந்தீங்களே, அப்பவே."

"அப்பவேவா? ஒரு மாசம்! ஊரு சிரிச்சுது. என்ற தங்கச்சியே கேட்டா. ஆட்டுக்கிட்டக் கூட பேச்சு வாங்கினேன். ஏன் சொல்லலை?"

மாயக்கா கம்பியிலிருந்து துணியை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள்.

"சொல்லியிருந்தா, நீங்க எங்கிருந்து சுட்டிருப்பீங்க?"